நூறு மில்லிவோல்ட்டில் எடுத்த வேகம்

...அந்தப் பயல் ஏதாவது கேட்டால் கேட்கட்டும், தூங்குகிறேன் என்று கிடக்க வேண்டியதுதான், மதியச் சாப்பாடு முடிந்தால் ஷென்ஜென் ஊரே விளக்கை அணைத்துவிட்டு அலுவலக மேசையடியில் மடக்குக் கட்டிலை விரிக்கிறதே, லுவோ சிங்மேய் மட்டும் ஏன் விழித்திருக்க வேண்டும்... விழித்துத்தான் இருக்கிறாள். அடுத்த கட்டிலில் ஷென் யீ புரள்கிறான், புதுப் பயல். எழுந்ததும் கூட்டம், மின்சைக்கிள் பேட்டரிக்கான ஒப்பீட்டுச் சில்லை அவன்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். மின்சாரம் வரம்பு மீறினால் சில்லு அதைக் கண்டு நொடியில் துண்டிக்க வைக்க வேண்டும், சும்மா கிடக்கிற மாதங்களில் பேட்டரியைக் குடித்துத் தீர்க்கவும் கூடாது. அப்படி ஒன்று கிடைத்துவிட்டதாம், காலையிலிருந்து குதிக்கிறான்... மடையன், சில்லின் தரவுத்தாளில் முதல் பக்கத்து வேகத்தை நம்பிவிட்டான். அது வரம்பை நூறு மில்லிவோல்ட் தாண்டவிட்டு எடுத்த வேகம், கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நம் சுற்றில் தாண்டுவது ஐந்தோ ஆறோ மில்லிவோல்ட்தான், அதற்கு இந்தச் சில்லு சோம்பேறி, அது விழிப்பதற்குள் துண்டிக்க வேண்டிய சுவிட்சே வெடித்துவிடும். நேற்றே அவளுக்குத் தெரியும்.

சொல்லலாமே? ஏன் சொல்ல வேண்டும்? இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று மேலாளர் ச்யூ சொல்லாமல் சொல்லிவிட்டார், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவளை இந்த ஊரில் எவன் வேலைக்கு எடுப்பான்... பயல் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். அன்றைக்குச் சிரித்தானே, "லுவோ அக்கா காலத்துச் சில்லெல்லாம் இப்ப அருங்காட்சியகத்துலதான்"னு. சிரிடா, நன்றாகச் சிரி. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தப் பொடி எழுத்தை அவளே படித்துக்காட்டுவாள், அவன் முகம் வெளுப்பதை உட்கார்ந்து பார்ப்பாள். அவன் அம்மா சிச்சுவானிலிருந்து அனுப்பிய மிளகாய் ஊறுகாய் இன்னும் நாக்கில் எரிகிறது, பாதியை இவள் சோற்றில்தான் போட்டான்... தின்றாள், அதனால் என்ன?

"அக்கா... முழிச்சிருக்கீங்களா? அந்தச் சில்லு சரியாத்தானே இருக்கு? என்னமோ பயமா இருக்குக்கா." பேசாமல் கிடந்தால் எழுந்து போய் மறுபடி புரட்டிப் பார்த்துத் தொலைப்பானே... "பார்த்தேன்டா. பிரமாதம். பேசாம தூங்கு." பெருமூச்சு கேட்டது, கொஞ்ச நேரத்தில் குறட்டை. அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது, வெட்கமே இல்லாமல் இனித்தது.

விளக்கு எரிந்தது, கட்டில்கள் மடங்கின, கூட்ட அறையில் தேநீர் வந்தது. ஷென் யீ பேசி முடித்தான், ச்யூ தலையாட்டினார், இதோ இப்போது, "அந்த நூறு மில்லி..." என்று அவள் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான், "லுவோ அக்காவும் பார்த்துட்டாங்க சார், பிரமாதம்னாங்க. இல்லையாக்கா?" ச்யூ திரும்பினார். "அப்படியா லுவோ? நீ பார்த்துட்டா எனக்குக் கவலையில்ல. சொல்லு, என்னமோ சொல்ல வந்தியே?" சொன்னால் தெரிந்தே பொய் சொன்னவள், சொல்லாவிட்டால் வெடிக்கப்போவதில் அவள் பெயரும்... ஷென் யீ அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், நன்றியோடுதான் சிரிக்கிறானா, அந்தக் குறட்டை... அத்தனை சீக்கிரமாகவா ஒருவனுக்குத் தூக்கம் வரும்?