ரெங்கம்மாவின் நாலரைப் பேர்

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கலப்பு எண் கணக்கைப் புரியவைக்க ஜெசிந்தினி டீச்சர் படாத பாடு பட்டாள். ரொட்டியைப் பிய்த்துக் காட்டினாள். பிள்ளைகள் அதைத் தின்றார்களே தவிர, மூன்று அரை சேர்ந்தால் ஒன்றரை என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அவளும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். சட்டென்று அரைப் பேர் ஞாபகம் வந்தது. நிறுவையில், பறித்த கொழுந்து போதுமான அளவு இருந்தால் அன்றைக்கு முழுப் பேர் போட்டு முழு நாள் கூலி கொடுப்பார்கள். குறைந்தால் அரைப் பேர், கூலியும் பாதி.

"போன கிழமை யாரு அம்மாவுக்கு அரைப் பேரு விழுந்துச்சு?"

சிவசக்தி வெள்ளந்தியாகக் கை தூக்கினாள். "எங்கம்மாவுக்கு டீச்சர். மூணு முழுப் பேரு, மூணு அரைப் பேரு."

'ரெங்கம்மா = 4½' என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினாள் டீச்சர். வகுப்பு மொத்தத்துக்கும் பளிச்சென்று விளங்கியது. பின்வரிசை வாங்கில் யாரோ "அரைப்பேரு ரெங்கம்மா" என்றதும் ஒரே சிரிப்பு. அதட்டியிருக்க வேண்டியவள், கணக்கு விளங்கிய பூரிப்பில் தானும் சிரித்துவிட்டாள். சிவசக்தி மெல்லக் கையை இறக்கியதைப் பார்த்தபிறகுதான் சிரிப்பு நின்றது.

மறுநாள் சிவசக்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தன் தாய்க்கும் அரைப் பேர் விழுந்த நாட்களை மறந்துபோய்ப் பெரிய டீச்சராகிவிட்டோமே என்று ஜெசிந்தினிக்கு மனசு அறுத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தேயிலை மலைக்கு ஏறினாள்.

ரெங்கம்மாவின் வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் சிவசக்தி மளமளவென்று கொழுந்து பறித்து, தாயின் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சது பெரிய தப்புங்க. பிள்ளைய வச்சுக்கிட்டு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள் ஜெசிந்தினி.

"அத விடுங்க டீச்சர். பிள்ளைக்கு நல்லா விளங்க வச்சிருக்கீங்க" என்றாள் ரெங்கம்மா. அவள் பேச்சில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் டீச்சரை இன்னும் கொன்றது.

"நேத்து அம்மாவுக்கு முழுப் பேரு டீச்சர்" என்றாள் சிவசக்தி. "அம்மா பறிக்கிறது அரை, நான் பறிக்கிறது அரை. சேர்த்தா ஒண்ணு. சரிதானே?"

"சரிதான்" என்றாள் டீச்சர். வேறென்ன சொல்வாள்? "நாளைக்கு ஸ்கூலுக்கு வாம்மா."

சிவசக்தி தாயின் கையைப் பார்த்தாள்.

"நான் வந்துட்டா மறுபடி அரைதானே டீச்சர்?"

கணக்கில் ஒரு பிழையும் இல்லை.