முப்பது எண்ணுவதற்குள்

சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்தது யார் என்று கேட்டதற்கு மூன்று நடுவர்களும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் பம்பரம் என்றார். இன்னொருவர் தபால்காரி என்றார். மூன்றாமவர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்மித் தொலைத்ததாக ஒப்புக்கொண்டார்.

பம்பரம் தையற்காரி. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். தபால்காரியோ வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவள். இருவரும் கோட்டைத் தாண்டிய நொடியில், கோட்டுக்கு நேராகக் காமிராவோடு குந்தியிருந்தவள் ஸ்டுடியோக்காரி. படம் அவளிடம் இருந்தது. சிக்கல் என்னவென்றால், அவள் பம்பரத்தின் அண்ணன் மனைவி.

"அண்ணியும் நாத்தனாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன சமைப்பாங்களோ! நானும் வருவேன்," என்றாள் தபால்காரி.

விழாக் குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாராளமா வாங்க. மூணு பேருமே போங்க. சாயங்காலம் பரிசு குடுக்கறதுக்குள்ள எனக்கு ஒரு படம் வந்தா போதும்."

ஸ்டுடியோவில் படம் கழுவும் இருட்டறை ஒருவர் நிற்கக் கட்டியது. மூவர் நுழைந்ததும் மூச்சு முட்டியது. சிவப்பு விளக்கின் கீழே பம்பரமும் தபால்காரியும் வியர்வையும் புழுதியுமாக, முழங்கை முழங்கையில் இடிக்க நின்றார்கள். ஸ்டுடியோக்காரி கழுவிக் காயவைத்த நெகட்டிவை, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரில் செருகினாள். மேலேயிருந்து விளக்கு எரிய, கீழே பலகையில் இரண்டு சைக்கிள்களும் தலைகீழ் நிறத்தில் விழுந்தன. கறுப்பு முகங்கள், வெள்ளை முடி.

"யாரு முன்னாடி?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இதுல ஒண்ணும் தெரியாது. பேப்பர்ல வரட்டும்."

முதலில் முகங்கள் விழும் இடத்தில் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை வைத்து, அட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக்கொண்டே போய் வெளிச்சம் காட்டினாள். ஐந்து நொடி, பத்து, பதினைந்து. டெவலப்பர் மருந்து ஊற்றிய தட்டில் போட்டதும் துண்டில் மூன்று பட்டைகள் எழுந்தன. ஐந்தில் முகங்கள் சோகை பிடித்தாற்போல் இருந்தன. பதினைந்தில் கரி. பத்து அம்சமாக இருந்தது.

முழுக் காகிதத்துக்குப் பத்து நொடி கொடுத்தாள். டைமர் டிக் டிக்கென்று ஓடி, டக்கென்று விளக்கை அணைத்தது. காகிதத்தைத் தட்டில் நழுவவிட்டு, தட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். மூன்று தலைகளும் தட்டின் மேல் கவிந்தன.

வெறும் வெள்ளையில் முதலில் ஒரு கைப்பிடி தெரிந்தது. பிறகு பம்பரத்தின் பல். பிறகு அவளுடைய கறுப்புச் சக்கரம், அழகாக, கோட்டைத் தொட்டபடி.

"நான்தான்! நான்தான்!" பம்பரம் குதித்த குதியில் அலமாரியிலிருந்த புனல் கீழே விழுந்தது.

வெளியே மருந்துக்கடைக்காரர் கதவைத் தட்டினார். "யாருங்க? யாரு ஜெயிச்சது?"

"கதவுல கை வெச்சீங்க, பேப்பர் எல்லாம் பாழ்!" என்று கத்திய ஸ்டுடியோக்காரி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தபால்காரியின் முன்சக்கரம் பாதியில் நின்றது. அவள் சைக்கிளுக்கு வெளிர் டயர். வெயில் அடித்த தரையும் வெள்ளை. அந்த மூலை முழுவதும் பால் கொட்டினாற்போல் இருந்தது.

"இந்தச் சக்கரத்துக்கு முன்பாதி எங்க?"

"அது கிடக்கட்டும் அண்ணி," என்றாள் பம்பரம். "முகமெல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு?"

"அரைச் சக்கரத்துல யாரும் சைக்கிள் ஓட்ட முடியாதுடி. நெகட்டிவ்ல அந்த இடம் கெட்டியா இருக்கு, வெளிச்சம் ஊடுருவல. பத்து நொடி பத்தாது. அங்க மட்டும் இன்னும் முப்பது குடுக்கணும்."

"அண்ணி, நீங்க யாரு வீட்டுக்கு வாழ வந்தீங்க?"

"உங்க வீட்டுக்குத்தான். அதனாலதான் சொல்றேன். நாளைக்கு ஊரே இந்தப் படத்தைப் பாத்துட்டு உன்னைக் கேக்கும்."

பம்பரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி, குடுங்க" என்றாள்.

புதுக் காகிதம். எல்லாவற்றுக்கும் பத்து நொடி. அடுத்து, நடுவில் ஓட்டை போட்ட அட்டையை வெளிச்சத்துக்குக் குறுக்கே பிடித்தாள். ஓட்டை வழியே விழுந்த வெளிச்சம் அந்த மூலையை மட்டும் தொட்டது. ஓரம் தடம் விழாமலிருக்க அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டைமர் பதினைந்துக்கு மேல் ஓடாது, கண்ணை எடுத்துக் கடிகாரம் பார்க்கவும் முடியாது.

"எண்ணுங்க!"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு..." பம்பரத்தின் வாய் தையல் மிஷினாக ஓடியது.

"ஒண்ணூ... ரெண்டூ..." தபால்காரி மாட்டு வண்டி கட்டினாள்.

"என்னம்மா, விடியற வரைக்கும் எண்ணுவியா?"

"நீ மட்டும் என்ன, ரயிலைப் பிடிக்கப் போறியா?"

"கடிகாரத்தைப் பாத்து ஒண்ணா எண்ணுங்க! கை நோவுது!"

இருவரும் சுவரில் மினுங்கிய முள்ளைப் பார்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். முதலில் எண்ணியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இருபத்தைந்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள் ஸ்டுடியோக்காரி. பத்தைத் தாண்டும்போது குரல்கள் ஒன்றாகிவிட்டன. இருபதில் தபால்காரி பம்பரத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதை இருவருமே கவனிக்கவில்லை.

"இருபத்தஞ்சு!"

காகிதம் தட்டில் விழுந்தது. கைப்பிடி, பல், கறுப்புச் சக்கரம். அந்த மூலை மட்டும் இழுத்தடித்தது. பிறகு மூடுபனி விலகினாற்போல் சாம்பல் நிறத்தில் தரை வந்தது, கோடு வந்தது. கோட்டின் மேல் வெளிர் டயர், வட்டம் முழுசாக. கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம்.



பம்பரம் மூக்கு நனையும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "ஒரு விரல்," என்றாள். பிறகு குரல் ஏறியது. "ஒரே ஒரு விரல்! போன வருஷம் இவ கிளப்பின புழுதியைக்கூட நான் பாக்கல அண்ணி! இப்ப விரல் அகலம்!"

"எனக்கு உசுரே போயிடுச்சு," என்றாள் தபால்காரி. "கடைசித் திருப்பத்துல உன் மூச்சு என் காதுல கேட்டுச்சு. சத்தியமா நீதான் ஜெயிச்சேன்னு நினைச்சேன். அந்தப் பயத்துலதான் நானும் வருவேன்னு சண்டை போட்டேன்."

"அடிப்பாவி!" பம்பரம் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தட்டில் விழாமல் ஸ்டுடியோக்காரி முதுகைக் கொடுத்துத் தாங்கினாள்.

படம் கறுத்துப் போகாமலிருக்க அடுத்த மருந்தில் நிலைப்படுத்தி, அலசியும் அலசாமலும் எடுத்தாள். காய வைக்க நேரமில்லை. கதவைத் திறந்ததும் மருந்துக்கடைக்காரர் உள்ளேயே விழுந்தார்.

"யாருங்க?"

"இவதான்!" என்று தபால்காரியின் கையைத் தூக்கியவள் பம்பரம். "வாங்க, மைதானத்துல சொல்லலாம்!"

ஈரம் சொட்டும் படத்தை ஒரு பலகையில் ஒட்டி, பம்பரத்தின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தாள் ஸ்டுடியோக்காரி. தபால்காரி பக்கத்தில் வந்தாள். தெருவில் இறங்கிய இரண்டாவது மிதியிலேயே இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"வேணாம்டி," என்றாள் ஸ்டுடியோக்காரி. "படம் ஈரமா இருக்கு. நானும் இருக்கேன். வேணாம்னு சொல்றேன்ல!"

யார் காதில் விழுந்தது? மருந்துக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடிவர, சைக்கிள்கள் இரண்டும் கடைத்தெருவைக் கிழித்துக்கொண்டு பறந்தன.