மூக்கு இந்தப் பக்கம்

அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை ஓட்டுகிறவர்களின் பேச்சு மட்டும் பூப்பந்து அரங்கிலேயே அடங்காது. ஞாயிறு காலை அங்கே கூடும் ஆறு பேரில் யாரைக் கேட்டாலும், தான் எதிலும் இடித்ததே இல்லை, சுவர்தான் குறுக்கே வந்தது என்பார்.

அக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் அத்துப்படி. அவள் பல் டாக்டர். ஆறு பேருக்குத் தலைவனாக இருப்பவன் அவள் தம்பி. அதனால் இடிபட்டவை எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். சொத்தைப் பல்லைப் பார்க்கும் அதே விளக்கின் கீழே, அதே சாமணத்தால், ஒடிந்த இறக்கையைக் கழற்றிப் புதிது மாட்டிக் கொடுப்பாள். கூடவே ஒரு திட்டும் இலவசம்.

"இடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா உடனே இடது குச்சிய இறக்கிடுங்க. சும்மா விழுந்தா ஒண்ணும் ஆகாது. சுத்திக்கிட்டே இடிச்சா அப்புறம் அள்ளித்தான் எடுக்கணும்."

எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த வாரம் பயத்தில் அதே இடது குச்சியை முழுசாக ஏற்றி, கூரையில் மோதிவிட்டு வருவார்கள். ரிமோட்டின் இடது குச்சி மேலே ஏற்றும், கீழே இறக்கும். வலது குச்சி முன்னே பின்னே ஓட்டும், பக்கவாட்டில் திருப்பும். இரண்டே இரண்டு குச்சி. படித்த மனிதர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

அக்கா நான்கு மாதமாகத் தானும் ஓட்டுகிறாள். மதியம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், நாற்காலி வரிசைக்கு நடுவே. இன்றுவரை ஒரு நாற்காலியைக்கூட உரசியதில்லை. இது யாருக்கும் தெரியாது. தம்பிக்குத் தெரியவே கூடாது என்று வைத்திருந்தாள்.

காரணம் இருந்தது. வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, தம்பி எட்டு மாதம் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை. கூப்பிட்டால் "அப்புறம்க்கா" என்பான். அந்த அப்புறம் வரவே வராது. அவனை வெளியே இழுத்து வந்தது இந்தப் பொம்மைதான். ஞாயிறானால் முகம் மழித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கிளம்புகிறான். மற்றவர்கள் "கேப்டன்" என்று கூப்பிடும்போது அவன் முதுகு நிமிர்வதை அக்கா பார்த்திருக்கிறாள். அதில் போய் அவள் பங்கு கேட்பாளா?

இப்போது அந்த ஞாயிறுக்கே ஆபத்து வந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆறு பேரில் ஒருவரான தபால்காரருடைய ஹெலிகாப்டர் நேராகப் போய், அரங்கத்து மேனேஜரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து நிதானமாக ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரே ஒரு தடவை. இங்கேருந்து கிளம்பி அந்தக் கோடி வரைக்கும் போகணும். திரும்பி, என் முகத்தப் பாத்து வரணும். ஒரு கை தூரத்துல நிக்கணும். அப்புறம் இந்த மேசையில இறங்கணும். எதையாவது தொட்டா எல்லாரும் மூட்டை கட்டிக்கலாம்."

"வாலைக் காட்டிக்கிட்டு வந்தா ஆகாதா சார்?" என்றான் தம்பி.

"வாலா என் கண்ணாடியத் தட்டுச்சு? மூக்குதான தட்டுச்சு!"

தம்பியின் முகம் வாடிவிட்டது. அவன் ரகசியம் அக்காவுக்குத் தெரியும். அவன் ஹெலிகாப்டரின் வால் எப்போதும் அவன் பக்கமே இருக்கும். முன்னே போகும், வண்டியைப் பின்னால் எடுப்பதுபோல அப்படியே பின்னே வரும். மூக்கு அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். அவன் கை மாறாது.

சோதனை நடந்த ஞாயிறு காலை எல்லா மின்விசிறியையும் நிறுத்தினார்கள். வலையைச் சுருட்டி வைத்தார்கள். தம்பி முக்காலியில் உட்கார்ந்தான். நின்றுகொண்டு ஓட்டினால் ஹெலிகாப்டரோடு தானும் சாய்கிற பழக்கம் அவனுக்கு. மேனேஜர் பக்கத்தில் மேசையோரம் வந்து நின்றார், கண்ணாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு. அக்கா உதிரிப் பெட்டியோடு பின்னால் நின்றாள்.

கிளம்பியது அருமை. தரையோடு தயங்காமல் விருட்டென்று தலை உயரத்துக்கு ஏற்றி, சீராக ஓட்டிப் போனான். கோடியில் நின்றது. திரும்பியது. மூக்கு இந்தப் பக்கம்.

பாதி தூரம் வருவதற்குள் ஜன்னல் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. தம்பி அதை இந்தப் பக்கம் இழுக்க நினைத்துக் குச்சியைத் தள்ளினான். அது இன்னும் ஜன்னலை நோக்கிப் போயிற்று. இன்னும் அழுத்தித் தள்ளினான். பதற்றத்தில் இடது கட்டைவிரலும் ஏற, அது கூரை விளக்கைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

குச்சியை இறக்கினால் ஹெலிகாப்டர் பிழைக்கும், ஞாயிறு போய்விடும். ரிமோட்டைப் பிடுங்கினால் ஞாயிறு பிழைக்கும், தம்பி போய்விடுவான். அக்கா பெட்டியைக் கீழே போட்டாள். முக்காலிக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் நீட்டி, தன் கட்டைவிரல்களை அவன் கட்டைவிரல்கள் மேல் வைத்தாள்.

இருபது வருடமாக அவள் நிற்கிற நிலைதான் அது. நாற்காலியில் ஒருவர், தலைமாட்டில் இவள். மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லை நேராகப் பார்க்க முடியாது. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே துளையிட வேண்டும். இந்தப் பக்கம் போக வேண்டுமானால் கை அந்தப் பக்கம் போகும். யோசித்தால் தப்பிவிடும். அவள் யோசிப்பதை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது.

"அசையாத. வாயை நல்லாத் தொற," என்றாள், பழக்க தோஷத்தில்.

தம்பியும் பதற்றத்தில் வாயைத் திறந்தான்.

ஹெலிகாப்டர் விளக்குக்கு ஒரு சாண் கீழே நின்றது. மெல்ல இறங்கியது. ஜன்னலை விட்டு விலகி, அரங்கின் நடுவுக்கு வந்து, மேனேஜரின் முகத்தைப் பார்த்து நேர்கோட்டில் வந்தது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒரு கை தூரத்தில் அது நின்றது. அவர் முன்நெற்றி முடி பறந்தது. அக்கா அவசரப்படவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் திறந்தார், பார்த்தார். அப்புறம்தான் மேசையில் இறக்கினாள், சத்தமே இல்லாமல்.

தம்பி இன்னும் வாயை மூடவில்லை.

பிறகு அவன் எழுந்தான். "சார், ஓட்டினது அக்கா. நான் சும்மா ரிமோட்டப் பிடிச்சிட்டிருந்தேன்."

அக்கா கீழே போட்ட பெட்டியை எடுக்கக் குனிந்தாள். போச்சு. அவனே சொல்லிவிட்டான். இனி அவன் கேப்டன் இல்லை. நாளைக்கே அந்தத் திரைச்சீலை மூடிக்கொள்ளும்.

மேனேஜர் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "யாரு ஓட்டுனா எனக்கென்ன? என் கண்ணாடி என் மூக்குலயே இருக்கு." அரங்கின் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் போட்ட கூச்சலில் தபால்காரர் அழுதே விட்டார். பாவம், பதினைந்து நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பி அக்காவைத் தனியே இழுத்தான். "எப்பலேருந்து?"

"நாலு மாசமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வர்றத நிறுத்திடுவியோன்னு பயந்தேன்டா," என்றாள்.

தம்பி மேசைக்குப் போய், ஹெலிகாப்டரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினான். முக்காலியை அரங்கின் நடுவுக்கு இழுத்துப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையை அண்ணாந்து வாயை அகலமாகத் திறந்தான்.

"ஆ..."

"அடி வாங்குவ," என்று அவன் தலையில் ஒன்று வைத்துவிட்டு, அக்கா பின்னால் வந்து நின்றாள்.