மைனஸ் போடாத சாய்வு

போன் அடித்தபோது டைல்ஸ்காரர் குளியலறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஊரார் வீட்டுத் தரையெல்லாம் சொட்டுத் தண்ணீர் நிற்காதபடி வாட்டம் பார்த்துப் போட்டுக்கொடுக்கிறவர். ஆனால் அவர் வாடகைக்கு இருக்கும் இந்த ஒற்றை அறையில் தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் கட்டில் பக்கம் வரும். பெயர்த்து எடுத்து ஒழுங்காகப் போட அரைநாள் வேலைகூட ஆகாது. ஒண்டிக்கட்டைக்கு எதற்கு அதெல்லாம் என்று குடிவந்த நாளிலிருந்து துடைத்துக்கொண்டேதான் இருக்கிறார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தார். மகள்தான். தினமும் இந்த நேரத்துக்கு அவளைத் தவிர வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்.

“அப்பா, ஒரு படம் அனுப்பியிருக்கேன் பாருங்க. சாய்வும் வெட்டுத்துண்டும் கண்டுபிடிக்கணுமாம்.”

மனைவியும் அவரும் பிரிந்த பிறகு மகளோடு பேசுவதற்கென்று மிஞ்சியது இந்தக் கணக்குதான். “சாப்பிட்டியா?”, “சாப்பிட்டேன்” என்பதோடு பேச்சு நொண்டியடித்து நின்றுபோன மாதங்களும் உண்டு. நேர்க்கோட்டுப் பாடம் வந்ததும் மனுஷருக்கு ஒரே குஷி. இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு இறக்கம், அதுதானே சாய்வு. அவர் பிழைப்பே அதுதான். பழைய புத்தகக் கடையில் அவள் வகுப்புப் புத்தகத்தைத் தேடி வாங்கி, முன்கூட்டியே படித்துவைத்துக்கொள்வார். மார்க் குறைந்தால் டியூஷனில் சேர்த்துவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாளாம். டியூஷன் என்றால் இதே நேரம்தான். அப்புறம் போனாவது மண்ணாவது.

படத்தில் கோடு இடமிருந்து வலமாக இறங்கியது. விரலை வைத்துக் கட்டங்களை எண்ணினார். ஒரு கட்டம் தள்ளினால் மூன்று கட்டம் கீழே. குத்தாக நிற்கிற அச்சுக்கோட்டை ஆறில் வெட்டியது.

“சாய்வு மூணு. வெட்டுத்துண்டு ஆறு. புரிஞ்சுதா கண்ணு?”

“புரிஞ்சுதுப்பா. நாளைக்குப் பரீட்சை. வெச்சிடட்டுமா?”

அவள் வைத்த பிறகு, ஏதோ ஒரு ஆசையில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தார். மூன்றுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. முந்தைய கணக்குகளையும் பார்த்தார். இறங்குகிற கோடு எல்லாவற்றுக்கும் அந்தக் குறி இருந்தது. ஒன்றுக்குக்கூட அவர் சொல்லவில்லை. அவர் தொழிலில் சாய்வு என்றாலே இறக்கம்தான். அதற்குப் போய் ஒரு அடையாளம் வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மனைவியும் மகளும் இருக்கும் வீட்டுக்கு அவராகக் கூப்பிடுவதில்லை. யாரும் கூடாது என்று சொன்னதில்லை, அப்படியே ஆகிவிட்டது. இன்று வேறு வழியில்லை. அடித்தார். எடுத்தது மனைவி.

“சொல்லுங்க. அவ குளிச்சிட்டிருக்கா.”

“ஒண்ணுமில்ல... கணக்குல தப்பா சொல்லிட்டேன். மூணு இல்ல, மைனஸ் மூணு. நாளைக்குப் பரீட்சைன்னா...”

“அதெல்லாம் அவ சரியாவே போட்டுட்டா.”

“இப்பதானே என்கிட்ட கேட்டா?”

“தினமும் அப்படித்தான். கணக்கெல்லாம் முடிச்சு, நோட்டைப் பையில வெச்சிட்டுத்தான் உங்களைக் கூப்பிடறா.”

அந்தப் பக்கம் தண்ணீர் கடகடவென்று வடிகாலில் இறங்கும் சத்தம் கேட்டது. அந்தத் தரை அவர் போட்டது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவளும் உடனே வைத்துவிடவில்லை.

“அடுத்த பாடம் முக்கோணவியலாம்,” என்றாள். “படிச்சு வெச்சுக்கோங்க.”

வைத்துவிட்டாள். அறையில் சத்தமே இல்லை. டைல்ஸ்காரர் கட்டிலில் உட்கார்ந்து முக்கோணவியல் பக்கத்தை விரித்தார். ஒரு எழவும் புரியவில்லை. துடைக்காமல் விட்ட தண்ணீர் மெல்ல வந்து பாதத்தைத் தொட்டது. கால்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு, முதல் வரியை மறுபடியும், இந்தமுறை வாய்விட்டுப் படித்தார்.