நீலம் போன எண்கள்

பெயின்டரின் கார் அவருடைய மகளைவிட இரண்டு வயது மூத்தது. முள் சுழலும் மீட்டர் அதில் கிடையாது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வேகம், பெட்ரோல், ஓடிய தூரம் எல்லாம் எண்களாகவே ஒளிரும். நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். அந்த நிறத்தில் மயங்கித்தான் மனுஷன் காரை வாங்கினார் என்று அவர் மனைவி பார்ப்பவரிடமெல்லாம் சொல்வாள். அது உண்மைதான். சாவியைத் திருப்பியதும் எண்கள் மெல்லத் துலங்கி வருவதைப் பார்க்கும்போது, ஆழமான தண்ணீரிலிருந்து ஏதோ ஒன்று அவரை நோக்கி மிதந்து வருவதுபோல இருக்கும்.

ஒரு வருடமாக அந்த எண்கள் மங்கிக்கொண்டே வந்தன. முதலில் உச்சி வெயிலில் தெரியாமல் போயின. பிறகு மர நிழலிலும் தெரியவில்லை. எஞ்சின் போடும் சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஓட்டுறது காரா, ஜோசியமா?" என்று கேட்டாள் மனைவி.

அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் மீட்டர் அக்காவிடம் போனார். ஊர் வைத்த பெயர் அது. அவளுடைய நாத்தனார் நடத்தும் தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறையில், நின்றுபோன கடிகாரத்திலிருந்து லாரி மீட்டர்வரை எல்லாவற்றையும் பழுது பார்ப்பாள். தையல் மிஷினின் ஓட்டம் சுவரைத் தாண்டி விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவள் காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான்கு திருகுகளைக் கழற்றி, ஒரு குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல மீட்டரை வெளியே எடுத்தாள்.

"ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்ணே. உள்ள கண்டென்சரெல்லாம் காஞ்சு போயிருக்கும். விளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அரையும் குறையுமாப் போகுது. அதான் மங்குது."

"சரியாயிடுமாம்மா?"

"எண்ணு எரியுற கண்ணாடிக் குழாய் உசுரோட இருந்தா சரியாயிடும்."

மூன்றாம் நாள் அவர் போனபோது அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அறை அரை இருட்டானது. மேசைமேல் மீட்டர் தனியாகக் கிடந்தது. இரண்டு ஒயர்கள் அதைப் பேட்டரியோடு இணைத்தன. ஸ்விட்சைப் போட்டாள். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு பூஜ்யம் எழுந்தது. பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியின் குமிழை அவள் திருப்பத் திருப்ப, இருபது, நாற்பது, எழுபது என்று எண்கள் ஏறின. சக்கரமும் சாலையும் இல்லாமல், தான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாக அந்த மீட்டர் நம்பிக்கொண்டிருந்தது. நூறைத் தொட்டபோது தாமும் நாற்காலியோடு சேர்ந்து நகர்வதாகப் பெயின்டருக்குத் தோன்றியது. சுவர்கள் பின்னால் போயின. பக்கத்து அறையின் தையல் மிஷின் ஒரு நீண்ட ரயிலானது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டு அவள் அவரை இறக்கிவிட்டாள்.

"முன்னைக்குப் பரவாயில்லம்மா. ஆனா அந்த நிறம் வரல. புழுதி படிஞ்ச மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் இரண்டு நாள் கேட்டாள்.

அந்த இரண்டு நாளுக்குள் பெயின்டருக்கு இன்னொரு வம்பு வந்து சேர்ந்தது. போன மாதம் அவரைக் கொண்டு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்ட டீச்சர் போன் செய்தாள்.

"நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? பால் வெள்ளை. நீங்க அடிச்சிருக்கிறது என்ன? வர்றவங்க எல்லாம் ஏன் வானத்த உள்ள கொண்டுவந்துட்டேன்னு கேக்குறாங்க."

"வெள்ளைதான் டீச்சர் அது. முப்பது வருஷமா என் கையால கலக்குறேன்."

அவர் பெயின்ட் கம்பெனியின் நிறச் சீட்டு பார்த்துக் கலக்குகிறவர் அல்ல. மனதில் இருக்கும் நிறம் வாளியில் வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சாயம் சேர்ப்பார்; வெள்ளைக்கும் கொஞ்சம் நீலம் உண்டு. அது அவருக்குப் பெரிய கர்வம். போனை வைத்த பிறகு வெகுநேரம் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் இப்படிக் குறை சொன்ன மூன்றாவது ஆள் டீச்சர்.

மறுபடி மீட்டர் அக்காவின் அறை. கறுப்புக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியிருந்தாள். பற்றவைத்த இடங்களை எல்லாம் பிரித்துத் திரும்ப ஈயம் வைத்திருந்தாள். திரையை இழுத்தாள், ஸ்விட்சைப் போட்டாள்.

பெயின்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"அப்படியேதான்மா இருக்கு."

அவள் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து வேறொரு மீட்டரை எடுத்தாள். பிரிக்காத புது உருப்படி. அதற்கும் உயிர் கொடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இது?"

"இதுவும் அதே புழுதிதான்."

அவள் கொஞ்ச நேரம் எண்களைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, ஏன் தலையச் சாய்ச்சுப் பாக்குறீங்க?"

"சாய்க்கிறேனா?"

"வந்ததுலேருந்து. ஒண்ணு செய்யுங்க. வலது கண்ணப் பொத்துங்க."

விளையாட்டு என்று நினைத்துப் பொத்தினார். எண்களில் லேசாகப் பச்சை ஏறியது.

"இப்ப இடது கண்ண."

கையை மாற்றினார். பச்சை போய்விட்டது. தேநீர்க் கறை படிந்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரோ மெழுகுவர்த்தி காட்டியதுபோல ஒரு பழுப்பு. கையை மறுபடி மாற்றினார். பச்சை. மாற்றினார். பழுப்பு. ஒரே மேசை, ஒரே எண்கள்.

"என் மாமனாருக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் அவள் மெதுவாக. "புரையாத்தான் இருக்கும். ஒரு மணி நேர வேலை. போய்க் காட்டுங்கண்ணே. கார நான் பாத்துக்கிறேன். அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

அவர் நடந்தே வீடு திரும்பினார். வழியெல்லாம் ஒரு கண்ணைப் பொத்துவதும் திறப்பதுமாக இருந்தார். எதிரே வந்தவர்களுக்கு அவர் கண்ணடிக்கிறாரோ என்று சந்தேகம். தெருவின் ஒவ்வொரு பொருளும் இரண்டாக இருந்தது: இடது கண்ணின் கதவு, வலது கண்ணின் கதவு, ஈரம் காயாத சாலை ஒன்று, என்றோ காய்ந்த சாலை ஒன்று. எந்த உலகத்துக்கு இத்தனை நாள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம் என்று நடுத்தெருவில் நின்று யோசித்தார். நீலம் தெரியாத கண் நீலம் போதவில்லை என்று சொல்லச் சொல்ல, கை இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று ஊற்றியிருக்கிறது.

மனைவியிடம் சொன்னபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள். டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றியது. முதலில் அது, இரண்டு மாதம் கழித்து இது என்று நாள் குறித்தார்.

ஆபரேஷனில் வலியே இல்லை. கலங்கிய ஒளி ஒன்று மேலே அசைந்துகொண்டிருந்தது. குளத்தின் அடியில் மல்லாந்து படுத்துச் சூரியனைப் பார்ப்பதுபோல அவர் கிடந்தார். மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தாள். அவர் முதலில் பார்த்தது அவளுக்குப் பின்னாலிருந்த சுவரை.

"சிஸ்டர், இது என்ன கலர்?"

"வெள்ளை."

"இதுவா வெள்ளை?" என்றார். திரும்பவும் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொட்டு மருந்தை நீட்டினாள்.

வெளியே அவருடைய கார் நின்றது. மீட்டர் அக்கா எல்லாவற்றையும் பொருத்தி மனைவியிடம் கொடுத்திருந்தாள். மனைவி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்து இருக்கையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. சாவி திரும்பியதும் அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

தெளிந்த, குளிர்ந்த, ஈரமான நீலப்பச்சை. காரை வாங்கிய அன்றுகூட இப்படி இருந்ததா என்று அவருக்கு நிச்சயமில்லை. வெளியே மூடுபனி. தெரு விளக்குகளும் மரங்களும் பஞ்சுக்குள் கரைந்துகொண்டிருந்தன. உலகத்தில் அந்த எண்கள் மட்டும்தான் திடமாக இருந்தன.

"பதினெட்டு," என்று வாசித்தார். "இருபத்திரண்டு. இருபத்தஞ்சு. மறுபடி இருபத்திரண்டு. ஏன் பயப்படுற?"

"வாய மூடிக்கிட்டு வாங்க. கண்ணு திறந்ததும் வாயும் சேந்து திறந்துக்கிச்சு."

வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். வாசலிலேயே நின்றுவிட்டார். போன வருடம் அவளுக்காக அவர் அடித்துக் கொடுத்த அறை. நாலு சுவரும் நீலம். வெளிறிய நீலம் அல்ல, நீந்தலாம் போன்ற நீலம். பாத்திரங்கள், அடுப்பு, அவள் வளையல் போட்ட கை எல்லாம் அதில் மிதந்தன.

"இது… நான் சாம்பல்தானே அடிச்சேன்?"

"ஆமா. நீங்க அப்படித்தான் சொன்னீங்க."

"ஒரு வருஷமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவள் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டு நாள் கழுத்து ஒடிய ஏணியில நின்னீங்க. எறங்கி வந்து, எப்படி இருக்குன்னு என் மூஞ்சியப் பாத்தீங்க. அந்த நேரத்துல என்னத்தச் சொல்றது?"

அவர் குடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கே மாத்திடுறேன்," என்றார்.

"டாக்டர் ஒரு மாசம் ஏணி ஏறக்கூடாதுன்னாரு. அப்புறமும் இத நீங்க தொட வேணாம். எனக்குப் பழகிடுச்சு. மத்தியானம் இங்க நின்னு சமைக்கும்போது மனசு எங்கயோ போயிட்டு வரும்."

அவர் போனை எடுத்து டீச்சரை அழைத்தார். "டீச்சர், நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என் கண்ணுல. ஒரு மாசம் பொறுத்துக்குங்க, நானே வந்து வெள்ளை அடிச்சுத் தரேன். இந்தத் தடவ சீட்டு பாத்துத்தான் கலக்குவேன்."

மறுமுனையில் டீச்சர் என்ன சொன்னாளோ, அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. போனை வைத்துவிட்டு மனைவியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் வெங்காயம் நறுக்கத் தொடங்கியிருந்தாள். கண்ணில் காரம் படக்கூடாது, வெளியே போங்கள் என்று அவள் விரட்டும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.