படித்துப் பரிந்துரைத்தவர்கள்

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை புத்தகப் பட்டியல் போடுவோம். வேத ஆராய்ச்சிக்கு நான்கு, ஜெபத்துக்கு மூன்று, குடும்பத்துக்கும் சபை வாழ்க்கைக்கும் ஐந்து. ஒவ்வொரு பிரதியின் உள்ளட்டையிலும் ஊதா முத்திரை: 'படித்துப் பரிந்துரைக்கப்பட்டது.' குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், நான். பன்னிரண்டையும் எல்லோரும் படிக்க நேரம் ஏது? ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம். முன்பகுதி வாத்தியாருக்கு, பின்பகுதி மருந்துக்கடைக்காரருக்கு, நடுப்பகுதி எனக்கு.

நான் புரட்டுவதோடு சரி. தடித்த எழுத்தில் நாலு வசனம் கண்ணில் பட்டால் மனசு சமாதானமாகிவிடும். முன்னும் பின்னும் நன்றாக இருக்கும்போது நடுவில் மட்டும் என்ன கெட்டுப்போயிருக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்கு அண்ணி வந்தாள். நான் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பல்வலியா அண்ணி?"

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஏழாம் அதிகாரத்தைப் பிரித்து நீட்டினாள். எங்கள் பட்டியலில் இருந்ததுதான். என் பங்கில் வந்த பக்கம்.

'வயிற்றிலேயே மடியும் பிள்ளை, தாய் அறிக்கையிடாத பாவத்துக்குச் சாட்சி.'

போன வருஷம், எட்டாம் மாதத்தில், அண்ணியின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது.

ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். ஒன்று, மாத்திரை போட்டதாகப் பொய் சொன்னேன். நான்கு, மாமியாரை மனசுக்குள் சபித்தேன். மாமியார் என்றால் என் அம்மா. ஒன்பது, ஆராதனையில் தூங்கினேன். பதினேழுவரை போயிருந்தது.

"இதுல எதும்மா? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு."

"அது அப்படி இல்ல அண்ணி. நானே படிச்சேன். அந்தக் காலத்து ஆளுங்களைப் பத்திச் சொல்றாங்க. உங்களுக்கு இல்ல."

"முழுசா படிச்சுட்டுத்தான் போட்டியா?"

"ஆமா."

அவள் தலையாட்டினாள். "தப்புன்னா நீ எடுத்திருப்பேல்ல. அப்போ சரியாத்தான் இருக்கும்."

ஆறுதல் சொல்வதாக நினைத்து அந்த வரிக்கு இன்னொரு முத்திரை குத்தியிருந்தேன். அவள் போன பிறகு தொட்டியில் மிதந்த ரத்தப் பஞ்சைப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். அன்று அதை எடுக்காமல் குழாயைத் திறந்துவிட்டேன்.

சனிக்கிழமை பெண்கள் வேதபாடத்தில் ஏழாம் அதிகாரம் வருவதாக இருந்தது. வியாழக்கிழமையே குழுவைக் கூட்டினேன். வாத்தியார் பிஸ்கட்டை டீயில் முக்கி உறிஞ்சிக்கொண்டே பக்கத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் கடுமையாத்தான் எழுதிட்டார். வெள்ளைத் தாளை ஒட்டி மறைச்சிடலாம்மா. ஒரு பக்கம்தானே?"

"காலாவதி தேதி மேல ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரியா சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர். "குடுங்க, எனக்குக் கைவந்த கலை."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அண்ணே, உங்க பங்கை நீங்க படிச்சீங்களா?"

"கடைசிப் பக்கம் படிச்சேன் தங்கச்சி. ஆமென்னு முடிஞ்சிருந்துது. அதுக்கு மேல என்ன வேணும்?"

வாத்தியார் குரலைத் தணித்தார். "உங்க அண்ணிக்காக ஜெபம் பண்ணிக்கலாம். நாம படிக்கலைங்கிறது மட்டும் வெளிய போக வேணாம். சபையார் விசுவாசத்துல இடறிப்போவாங்க."

அவர் மீசையில் ஈர பிஸ்கட் ஒட்டியிருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. ஸ்டிக்கர் பேச்சுக்கு என் உதடும் பாதி விரிந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். அந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டில் அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்ல அண்ணி. மூணு பேருமே படிக்கல."

"அன்னிக்குப் படிச்சேன்னியே."

"பொய்."

அண்ணனின் சட்டை அவள் மடியிலேயே கிடந்தது. "படிச்சிருந்தா எடுத்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன். பட்டியல் போட்டது குழந்தை இறப்பதற்கு முன்பு. அப்போது அந்த வரி எங்கள் வீட்டை எட்டவில்லை. யாரோ ஒருத்தியைச் சொல்கிறது என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

"எடுத்திருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்."

"ச்சீ" என்றாள் அண்ணி. என்னை ஒருவரும் அவ்வளவு சரியாக அழைத்ததில்லை.

மடியில் கிடந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம சபை டெய்லரக்காவுக்கு நாலு தடவை கரு கலைஞ்சிருக்கு. அவங்களும் வாங்கி வெச்சிருக்காங்க. சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லு. என்கிட்ட மட்டும் இப்ப மன்னிப்புக் கேட்டுடாதே."

சனிக்கிழமை பதினொரு பெண்கள், மடியில் பதினொரு பிரதிகள். அண்ணி கதவருகே உட்கார்ந்திருந்தாள். டெய்லரக்கா ஏழாம் அதிகாரத்துக்குள் விரலை வைத்துத் தயாராக இருந்தார்.

"இந்தப் புத்தகத்தை நாங்க படிக்காமலே பரிந்துரைச்சிட்டோம்" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றார் ஒருவர், பழக்கத்தில்.

யாருக்கும் உறைக்கவில்லை. நடுப்பகுதி என் பங்கு என்றேன். புரட்டியதோடு சரி, படிக்கவில்லை என்றேன். ஏழாம் அதிகாரத்தின் அந்த வரியை வாசித்து, இது பொய், இதற்கு நான் முத்திரை குத்தினேன் என்றேன்.

டெய்லரக்கா விரலை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"மூணு மாசமா இதை வெச்சு அழுதுக்கிட்டிருக்கேன்டி" என்றார்.