இலைக்கும் கக்கம் உண்டு

அறுபதுகளின் கடைசியில் யசோதா கண்டியில் ஒரு கந்தோரில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். ரோட்டு, மழைத்தண்ணீர் ஓடும் கான், மதகு, தெருவிளக்கு என்று நகரத்தின் வெளிவேலைகளைக் கவனிக்கும் கந்தோர் அது. அவள் கைக்கு வருவதெல்லாம் ஒரே மாதிரியான காகிதங்கள்தான். பாதை மூடப்பட்டுள்ளது, குப்பை கொட்டுவது தண்டனைக்குரியது, இப்படி. ஒருநாள் வேலைப்பகுதி அத்தியட்சகர் விவேகானந்தன் ஒரு மெல்லிய ஆங்கிலக் கைநூலைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்தார். வீட்டு முற்றத்துக்கும் தெருவோரத்துக்கும் ஏற்ற மரத்தை எப்படி இனங்கண்டு தெரிவுசெய்வது என்பதுதான் அதில் இருந்த விஷயம்.

"இதைத் தமிழிலை ஆக்க வேணும். வாசிக்கப் போறது தோட்டக்காரன் இல்லை, வீட்டுக்காரர். விளங்கிற மாதிரி எழுதும்," என்றார் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், கடுமையான முகம், ஆனால் கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்லும் மனிதர்.

"எனக்கு மரத்தப் பத்தி ஒன்னும் தெரியாதே, சேர்."

"எனக்கும் பெரிசாத் தெரியாது. அதுதான் உம்மட்டைத் தாறன்."

யசோதா கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கொழும்பு வீதியில் பலசரக்குக் கடை. மரம் என்றால் பழம் காய்ப்பது, காய்க்காதது என்ற அளவோடு அவள் அறிவு நின்றிருந்தது. அதனால் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுந்தாள். தண்டில் இலை புறப்படும் இடம் கணு. ஒரே கணுவில் இரண்டு இலைகள் எதிரும் புதிருமாக நின்றால் அது எதிரிலை ஒழுங்கு. ஒரு கணுவில் ஓர் இலை, அடுத்த கணுவில் மறுபக்கம் ஓர் இலை என்று மாறி மாறி ஏறினால் ஒன்றுவிட்ட ஒழுங்கு. பாடசாலை விஞ்ஞானப் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒன்றுவிட்ட அண்ணன், ஒன்றுவிட்ட அக்கா தெரியும். இலைக்கும் அந்த உறவா என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஓர் ஆசையும் வந்தது. இத்தனை நாளும் பார்த்த மரங்களில் எது எந்த ஒழுங்கு?

அன்று பகல் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு கந்தோரின் பின்வளவுக்குப் போனாள். அங்கே பழைய தகர மாப்பேணிகளில் மரக்கன்றுகள் வரிசையாக நின்றன. அம்பிட்டிய ரோட்டில் நடுவதற்காக, அலவத்துகொடயில் நாற்றுமேடை வைத்திருக்கும் மஹ்மூத் என்பவரிடமிருந்து முதல்நாள்தான் லொறியில் வந்து இறங்கியிருந்தன.

அந்தக் கன்றுகளில் அவளுக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. போன வருஷத்து மழையில் அம்பிட்டிய ரோட்டின் மேற்பக்கத்து மண்மேடு சரிந்து பாதையை மூடியது. அதன்பிறகு அங்கே கருங்கல்லில் பெரிய மதில் கட்டினார்கள். மதிலுக்குக் கீழே, பாதைக்கு இப்பாலுள்ள முதல் வீடு யசோதாவுடையது. மதிலுக்கு மேலே, மண்மேட்டின் விளிம்பில் ஒரு வரிசை மரம் வைக்க விவேகானந்தன் ஏற்பாடு செய்திருந்தார்.

"மல்மாரா வைக்கச் சொல்லித்தான் கனபேர் கேட்டவை. செக்கச்செவேலெண்டு பூக்கும், வடிவுதான். ஆனா அது குடை மாதிரி அகலமாப் பரவும். வேர் மேலாலை ஓடிக் கல்லை நெம்பிப் போடும். ஊதாப்பூப் பூக்கிற ஜகரந்தாவின்ரை வேர் அவ்வளவு கெடுதல் செய்யாது," என்று அவர் முன்பே விளக்கியிருந்தார்.

ஜகரந்தா எதிரிலை ஒழுங்கு உடையது என்று கைநூல் சொன்னது. யசோதா குனிந்து பார்த்தாள். இறகு போன்ற மெல்லிய பச்சை. நடுவிலோடும் நரம்பின் இரு பக்கமும் பொடிப்பொடி இலைகள், ஒன்றுக்கொன்று நேரெதிராக. அடுத்த பேணியைப் பார்த்தாள், அதிலும் அப்படியே. கடைசிப் பேணி வரைக்கும் அப்படியே. படித்த வார்த்தை கண்ணெதிரே பச்சையாக நின்றது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. நேரே விவேகானந்தனிடம் போய்ச் சொன்னாள்.

"எல்லாத்தையும் பாத்தேன் சேர். எல்லாம் எதிரிலைதான். ஜகரந்தாவேதான்."

"நல்லதாப் போச்சு. அப்ப நாளைக்கே நட்டுவிடுவம்," என்றார் அவர்.

அன்று மாலைதான் சிக்கல் வந்தது. கைநூலை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த பக்கத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். சில மரங்களில் ஓர் இலையே பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும், அது கூட்டிலை, அதன் துண்டுகள் சீறிலைகள். சீறிலையை இலை என்று எண்ணி ஏமாற வேண்டாம். இலை தண்டோடு சேரும் இடுக்கில் ஓர் அரும்பு இருக்கும். சீறிலையின் அடியில் இராது. அந்த இடுக்குக்குப் பாடப்புத்தகச் சொல் கக்கம். அக்குளுக்கும் அதுதான் சொல். யசோதா பேனையை மூடிவிட்டு எழுந்தாள்.

கிணற்றடியில் கறிவேப்பிலைச் செடி நின்றது. அவளுடைய புருஷன் செல்லச்சாமி வேலை முடிந்து வந்து அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தான். இரும்புச் சாமான் கடை ஒன்றில் விற்பனை பார்ப்பவன். மனைவி ஒரு கொத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

"என்னா தேடுற? புழுவா?"

"அரும்பு. ஒவ்வொரு இலைக்கும் கக்கத்துல ஒரு அரும்பு இருக்கணுமாம்."

"இலைக்குக் கக்கமா?" அவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்ட வந்தான். "எங்க, காட்டு பாப்போம்."

இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். ஒவ்வோர் இலையாக விரலால் விலக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. நுனி வரைக்கும் ஒன்றுமில்லை.

"பொஸ்தகத்துல பிழையா போட்டுட்டாங்க போல," என்றான் செல்லச்சாமி.

யசோதாவுக்கு அப்படி விட மனமில்லை. கொத்தின் காம்பை அடிவரைக்கும் தடவிக்கொண்டு போனாள். காம்பு தண்டில் போய் ஒட்டும் இடத்தில், இடுக்கில் ஒளிந்துகொண்டு, கடுகளவில் ஒரு பச்சை முளை இருந்தது. அடுத்த கொத்திலும் அதே இடத்தில் ஒன்று. அதற்குக் கீழே, பழைய கொத்து உதிர்ந்துபோன தழும்புக்கு மேலே, அப்படியொரு முளை வளர்ந்து சின்னக் கிளையாகவே ஆகியிருந்தது.

"இந்தாங்க, இந்தக் கொத்து முழுக்க ஒரே இலைங்க," என்றாள் மெதுவாக.

"சும்மா சொல்லாத. இதுல எத்தன இலை இருக்கு."

"அதெல்லாம் சீறிலை. அரும்பு ஒன்னுதான். அப்ப இலையும் ஒன்னுதான்."

செல்லச்சாமி கொத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப குழம்புக்குத் தாளிக்கிறப்ப நாலு இலை கிள்ளிப் போடுறியே, அது?"

"ஒரு இலையோட துண்டு நாலு," என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன்னே அவளுக்குக் கந்தோர்ப் பின்வளவு நினைவுக்கு வந்தது. பேணிகளில் அவள் பார்த்தது என்ன? நடு நரம்பின் இரு பக்கமும் எதிரெதிராக நின்றவை இலைகளா, சீறிலைகளா? அவற்றுக்கு அடியில் அரும்பு இருந்ததா? அவள் தண்டைப் பார்க்கவேயில்லை.

காலையில் வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸில் கந்தோருக்குப் போனாள். பின்வளவு வெறுமையாக இருந்தது. லொறி கன்றுகளை ஏற்றிக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். அவள் வந்த வழியே திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினாள். காலையில் அவள் வந்த பஸ்ஸை லொறி எந்த வளைவில் எதிரே கடந்து போனதோ, தெரியவில்லை.

மதிலுக்கு மேலே குழிகள் தோண்டியாகிவிட்டன. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு பேணி. விவேகானந்தன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். யசோதா படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்து, நேரே முதல் பேணியின் முன் குந்தினாள். இறகின் காம்பைத் தண்டுவரை பின்தொடர்ந்தாள். அங்கே அரும்பு இருந்தது. அதே கணுவில், நேர் எதிரே, இன்னோர் இறகும் இன்னோர் அரும்பும். எதிரிலை. உயிர் வந்தது போலிருந்தது. அடுத்த பேணிக்குப் போனாள். ஓர் இறகு இந்தப் பக்கம். அதற்கு எதிரே வெறும் தண்டு. ஒரு விரலளவு மேலே, மறுபக்கம், அடுத்த இறகு.

"நட வேணாம் சேர். இது ஒன்றுவிட்டது," என்றாள்.

குழியருகே நின்ற வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விவேகானந்தனின் முகம் இறுகியது.

"நேற்று எல்லாம் எதிரெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"சொன்னேன் சேர். நேத்து நான் பாத்தது இலையே இல்ல, இலையோட துண்டு. இலை எதுன்னு தெரியாம சொல்லிட்டேன்." அவரைக் கிட்ட வரச் சொல்லி, இரண்டு பேணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தானாகவே மூன்றாவது பேணியின் முன் குந்தினார்.

"இது எதிர். சரியோ?"

"சரி சேர்."

"இது... மற்றது," என்றார் நாலாவதில். அப்படியே இருவரும் வரிசையின் கடைசிவரை போனார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவான கன்றுகள் வேறு சாதி. அது என்ன சாதி என்று இருவருக்கும் தெரியவில்லை. மஹ்மூதைக் கூட்டிவர லொறி அலவத்துகொடவுக்குப் போயிற்று.

மஹ்மூத் நரைத்த தாடிக்காரர். தலையில் வெள்ளைத் தொப்பி. வந்து இறங்கியதும் ஒரே பார்வையில் முகம் சுருங்கிப்போனார்.

"யா அல்லாஹ், மல்மாரா கலந்து போய்த்து," என்றார். "மழையில பேர்ப்பலகையெல்லாம் சாஞ்சு கிடந்திச்சி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசை. நான் அண்டைக்கு ஊர்ல இல்ல, பொடியன்மார் ஏத்தி அனுப்பீட்டாங்க. மன்னிச்சுக்கங்க தொரை."

"ஒரே பார்வையில எப்பிடிங்க சொல்றீங்க?" என்று கேட்டாள் யசோதா.

மஹ்மூத் யோசித்தார். "தெரியும், தங்கச்சி. எப்பிடித் தெரியும் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லையே." அவர் ஒரு சீறிலையை அவள் விரல்மேல் வைத்தார். "நுனியத் தொட்டுப் பாருங்க. ஜகரந்தாட நுனி கூர். மல்மாராட நுனி மழுங்கல். நீங்க எத வச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

அவள் கணுவைக் காட்டினாள். அவர் ஒரு கன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. "இத்தன வருசமா நட்டும் இதக் கவனிக்கல்ல பாருங்க," என்று சொல்லித் தாடியைத் தடவிக்கொண்டார். அதில் வெட்கம் இல்லை. புதிதாக ஒன்று கிடைத்த மகிழ்ச்சிதான் இருந்தது.

ஜகரந்தாக்கள் அன்றே மதிலுக்கு மேலே நடப்பட்டன. மீதிக் குழிகளுக்கு மஹ்மூத் அடுத்த நாள் தானே கூட வந்து கன்று இறக்கினார். மல்மாராக்களைத் திருப்பி அனுப்ப விவேகானந்தனுக்கு மனம் வரவில்லை. மதிலும் கானும் இல்லாத ஆற்றோரத்து மைதானம் ஒன்றின் ஓரமாக, நல்ல இடைவெளி விட்டு வைக்கச் சொன்னார்.

தமிழ்ப் பிரதி அச்சுக்குப் போகுமுன் அவர் அதை வரி வரியாக வாசித்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

"கக்க அரும்பு எண்டு போட்டா சனம் சிரிக்குமே?"

"சிரிச்சா மறக்க மாட்டாங்க, சேர்."

அவர் அந்தச் சொல்லை அப்படியே விட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யசோதாவும் செல்லச்சாமியும் அலவத்துகொடவுக்குப் போனார்கள். வந்து பார்க்கும்படி மஹ்மூத் சொல்லியிருந்தார். வரிசைகளுக்கிடையே செல்லச்சாமி, "இது எதிர், இது ஒன்றுவிட்டது," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தான். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னான். ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"இங்க வா. இது என்னா?"

கோயிலுக்குப் பூப் பறிக்கும் அலரிதான் அது. யசோதா குனிந்து பார்த்தாள். ஒரே கணுவில் மூன்று நீண்ட இலைகள், தண்டைச் சுற்றி நின்றன. அடுத்த கணுவிலும் மூன்று. கைநூலில் இதற்குச் சொல் இல்லை.

"மஹ்மூத் நானா, இது எந்த ஒழுங்குல சேரும்?"

மஹ்மூத் தண்ணீர்ப் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மூன்று பேரும் அலரியைச் சுற்றிக் குந்தினார்கள்.